கோதண்டபாணி நகர் ஐந்தாம் வீட்டை உமாபதி வாங்கிய விதம்

புதிதாகக் கட்டிய வீட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்கிற வித்தை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒரே ஒருவருக்குத்தான் கைவந்தது. மயனுக்கு அது தெரியாது. அவனுக்குக் கட்டத்தான் தெரியும், வாங்கிப் பழக்கமில்லை. குபேரனுக்கும் தெரியாது. ஆசை ஆசையாக இலங்கையில் குடியேறி, தம்பிக்காரனிடம் பறிகொடுத்துவிட்டு வடக்கே போய்ச் சேர்ந்த ஆள் அவன். நம்ம ஏகாம்பரநாதரோ இந்த வம்பே வேண்டாம் என்று மாமரத்தடியோடு நின்றுவிட்டார். பாக்கி இருப்பவர் பிள்ளையார்பாளையம் உமாபதி ஒருவர்தான். அவர் வீடு பார்க்கப் புறப்பட்டார் என்ற சேதி கேட்டதும் காஞ்சிபுரத்தில் இருக்கிற செங்கல் எல்லாம் வரிசையில் நிமிர்ந்து நின்றதாகவும், கோணலாக வைத்த ஜன்னல்கள் வெட்கப்பட்டுத் தாங்களே சாத்திக்கொண்டதாகவும் சொல்வார்கள்.

உமாபதி பட்டுத்தறி நெய்கிறவர். ஒல்லியான ஆள். குழித்தறியில் உட்கார்ந்தே நாற்பது வயதைத் தாண்டியவர். நின்றால் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் தவிப்பார். தறியில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கைக்கு வந்துவிடும் கம்பீரமே வேறு. பக்கத்திலேயே அவர் மனைவி வடிவாம்பாள் உட்கார்ந்து, இழை சுற்றிய ஓடக்கட்டையான நாடாவைக் கரைக்குப் போடுவாள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று நெய்கிற புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடல் நாடாவை அவர் ஓட்ட, கரை நாடாவை அவள் ஓட்ட, இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வம். பேச வேண்டியதை நாடா பேசிக்கொள்ளும்.

அந்தத் தறி அண்ணன் கலியாணசுந்தரத்தின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அப்பா காலத்து வீடு. ஒரே கூடத்தில் அண்ணன் தறியும் தம்பி தறியும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். மீசை முளைக்கிற வரைக்கும் ஒன்றுமில்லை. முளைத்த பிறகு ஆளுக்கொரு தறி வேண்டியிருந்தது.

"தம்பி, நான் உன்ன போன்னு சொல்லல," என்றார் கலியாணசுந்தரம்.

"இல்லண்ணா."

"ஆனா எடம் இல்ல பாரு."

"இல்லண்ணா."

இவ்வளவுதான் பாகப்பிரிவினை. உமாபதி தன் பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தார், கிடைத்ததை மடியில் கட்டிக்கொண்டார், தறி போட ஒரு சொந்த இடம் தேடிப் புறப்பட்டார். சொந்தத் தறி இல்லாத நெசவுக்காரன் அடுத்தவன் தறியில் கூலிக்கு உட்கார வேண்டும். அதற்கு அவர் உயிர் ஒப்பவில்லை.

மதராஸ் ராஜ்யம் தமிழ்நாடு என்று பேர் மாற்றிக்கொண்ட வருஷம் அது. பேர் மாறியதே ஒழிய மழை வரவில்லை. அதற்கு முந்திய வருஷமும் வரவில்லை. வேகவதி ஆற்றில் பையன்கள் பம்பரம் விட்டார்கள். இந்த வறட்சியில் பிழைத்தவர்களில் கோதண்டபாணி முக்கியமானவர். ஓரிக்கைப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல் விளையாது என்று தெரிந்ததும் கலப்பையைச் சாத்திவிட்டு, செங்கல் சூளை போட்டார், தோளில் கரைத்துண்டு போட்டார், ஐயம்பேட்டை போகிற ரோட்டோரம் ஒரு மேடான இடத்தில் வரிசையாக வீடு கட்டினார். "கோதண்டபாணி நகர்" என்று பலகையும் நட்டார். நகரத்தில் மொத்தம் ஆறு வீடு.

சித்திரை வெயிலில் உமாபதியும் வடிவாம்பாளும் போய்ப் பார்த்தார்கள்.

"வாசல் நெலையப் பாருபா. தேக்கு," என்றார் கோதண்டபாணி.

உமாபதி விரலால் தட்டிப் பார்த்தார். "வேம்புங்க."

"தேக்குக்குத் தங்கச்சிபா வேம்பு. உள்ள வா."

உமாபதி உள்ளே போனார். பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி போனார். இடுப்பிலிருந்து ஒரு நூலை எடுத்துச் சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார். பூச்சை நகத்தால் சுரண்டினார். மணல் கொட்டிய இடத்தில் மறுபடி பூசச் சொன்னார். ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஓட்டுக்கு அடியில் வடிவாம்பாளை நிற்க வைத்து, வெளிச்சம் தெரிகிற ஓட்டையெல்லாம் எண்ணச் சொன்னார். பத்திர ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. தெருவுக்கு வந்து இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியைப் பார்த்தார். தறியில் ஏற்றும் நெடுக்கு இழையான பாவை நீட்டிக் கஞ்சி போட நேரான, நீளமான தெரு வேண்டும். கோயில் தேரோடும் வீதியைத் தவிர இவ்வளவு நேரான தெருவை அவர் ஊரில் பார்த்ததில்லை.

"தெரு அம்பு மாதிரி இருக்குதுங்க," என்றார்.

"நானே நின்னு போட்டேன்பா," என்றார் கோதண்டபாணி. அது ஒரு காலத்தில் வாய்க்கால் கரையாக இருந்தது, வாய்க்கால்தான் அதை நேராகப் போட்டது என்பதை அவர் சொல்லவில்லை. உமாபதி கேட்கவுமில்லை.

கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். ஊரில் கயிற்றுக்குக் கயிறு முடிச்சுப் போட்டுத் தண்ணீர் இறைக்கிற அந்த வெயிலில், இந்தக் கிணற்றில் முகம் தெரிந்தது. வடிவாம்பாள் ஒரு வாளி இறைத்து, கையால் அள்ளிக் குடித்தாள். இனித்தது.

பிறகு உமாபதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்றார். சிவப்பு சிமெண்டுத் தரை. பளபளவென்று இருந்தது. வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருக்க, இங்கே உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டு இழைக்குக் காய்ந்த காற்று ஆகாது. கோடையில் இழை முறுக்கிக்கொண்டு பட்பட்டென்று அறும். அறுந்ததை முடிந்து முடிந்தே பாதிப் பகல் போய்விடும். அதனால்தான் பூமியைத் தோண்டிக் குழியில் காலை விட்டு நெய்கிறார்கள். மண்ணின் ஈரம் மெல்ல ஏறி இழையை மெத்தென்று வைத்திருக்கும். கோடையில் குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு தொங்கவிட்டு, அந்த ஈரத்துக்காகத் தவம் கிடப்பார்கள்.

உமாபதி மடியிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்துத் தரையில் போட்டார். கோதண்டபாணி வெற்றிலை மென்று முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். எடுத்து விரலில் சுற்றி இழுத்தார். முறுக்கிக்கொள்ளவில்லை. குழந்தையின் முடி போலப் படிந்து கிடந்தது.

"ஏங்க, தரை ஏன் இப்டி குளுந்துக்கினு கெடக்குது?" என்றாள் வடிவாம்பாள் தாழ்ந்த குரலில். "கண்ணாடி மேல மூச்சு உட்ட மாதிரி பூத்துக்கினு இருக்குது."

"அதுதான் வடிவு நமக்கு வோணும். இழை அறாது."

"முந்தாநேத்து ஒரு பெரிய மனுசன் வந்தாரு," என்றார் கோதண்டபாணி. "தரைல கால வெச்சாரு, செருப்ப மாட்டிக்கினு போயிட்டாரு. அவருக்கு குடுத்து வெக்கல."

உமாபதி அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அந்தப் பெரிய மனுஷருக்கு நெய்யத் தெரியாது, பாவம், என்றுதான் அவர் சிரித்தார். உலகத்தில் வீடு வாங்குகிற யாராக இருந்தாலும் எந்தத் தரையைத் தொட்டவுடன் எழுந்து ஓடுவார்களோ, அந்தத் தரைக்காகவே அவர் அந்த வீட்டை வாங்கினார்.

ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. ஒரு முழம் தோண்டிப் பார்த்திருந்தால் போதும். ஆனால் தனக்குச் சொந்தமாகாத தரையில் கடப்பாரை போடுவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. குழி தோண்டுவது ஒரு சடங்கு. நாள் பார்க்க வேண்டும், பூசை போட வேண்டும். வாங்காத வீட்டில் யார் பூசை போடுவார்கள்?

ஆடி கழித்து ஆவணியில் குடியேறினார்கள். குழி தோண்ட முனிசாமி வந்தார். பாளையத்தில் பாதித் தறிக்குழி அவர் தோண்டியதுதான். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சிவப்புத் தரையைப் பெயர்த்துத் தோண்ட ஆரம்பித்தார்கள். முதலில் செங்கல் தூள் வந்தது. அப்புறம் சூளைச் சாம்பல் வந்தது. அதற்கும் கீழே கறுப்பு மண், வெண்ணெய் போல, மண்வெட்டிக்கு நோகாமல் வந்தது. அதில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள்.

முனிசாமி ஒரு நத்தை ஓட்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். உமாபதியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் விபூதியும் குங்குமமும் பெருமையும் அப்பியிருந்தன. முனிசாமி ஓட்டைக் கொல்லைப்பக்கம் வீசிவிட்டுக் குழியைச் சதுரமாக்கி முடித்தார். நல்ல நாளில் வாயைத் திறந்து கெட்டதைச் சொல்லக்கூடாது. அதுவும் வழக்கம்.

தறி ஏறியது. பட்டு முதலாளி கல்யாணப் புடவைக்குப் பாவு கொடுத்தார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அந்த ஆவணியும் புரட்டாசியும்தான் உமாபதியின் ராஜ்யம். இழை ஒன்றுகூட அறவில்லை. ஊரே அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்க, அவர் மட்டும் ஓட்டிக்கொண்டே போனார். வெற்றிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனால், யார் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசினாலும் நடுவில் போய் நின்றுகொள்வார்.

"தரையத் தொட்டுப் பாருங்கபா. சுவத்த அல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். தரைதான் ஊடு."

ஐப்பசியில் மழை வந்தது. இரண்டு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. மக்கள் சந்தோஷப்பட்டார்கள். உமாபதியும் சந்தோஷப்பட்டார். தறியில் உட்கார்ந்து, ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாடாவை ஓட்டினார். மழையின் சத்தத்தில் தறியின் சத்தம் கேட்கவில்லை.

கட்டைவிரலில் ஏதோ குளிர்ந்தது.

பூனை மூக்கை வைத்து உரசுகிறது என்று நினைத்து, காலை உதறினார். மறுபடி குளிர்ந்தது. இந்தத் தடவை எல்லா விரலிலும். அவர் கீழே பார்க்கவில்லை. நாடாவை ஓட்டினார். வடிவாம்பாளும் கரை நாடாவை ஓட்டினாள். மிதிப்பலகை எழும்போது களுக் என்றது. இருவருமே கேட்கவில்லை என்பது மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் நெய்தார்கள். பாதம் மூழ்கிவிட்டது.

"உனக்குத் தெரியுதா?" என்றார் கடைசியில்.

"அப்பவே தெரிஞ்சிது. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"நான் நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

பானையால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற ஊறியது. கொல்லையில் கிணறு வாய்விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. கையால் மொண்டு முகம் கழுவலாம். சித்திரையில் பார்த்து மகிழ்ந்த அதே இனிப்புத் தண்ணீர்தான் இப்போது தறிக்குள்ளும் வந்திருந்தது. விடிகிறபோது ஒரு தவளை மிதிப்பலகை மேல் உட்கார்ந்து, ஆள் வந்ததைப் பார்த்து, நீதான் வீட்டுக்காரனா என்பது போல் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது.

நெய்து சுருட்டி வைத்த புடவையின் அடிப்பக்கம் ஈரம் குடித்திருந்தது. அரக்கு இளகி மஞ்சளில் இறங்கியிருந்தது. பட்டு முதலாளி வந்தார். திட்டுவார் என்று உமாபதி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை. அவர் புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பச்," என்றார். கத்தியை எடுத்துத் தறியிலிருந்து பாவை அறுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி போய்விட்டார். பாவை அறுத்து எடுத்துப் போன வீட்டு வாசலில் வேறொரு முதலாளி வந்து பாவு கொடுக்க மாட்டார். பாளையத்தில் அது எல்லாருக்கும் தெரியும்.

மழை விட்ட ஒரு காலையில் வாசலில் எருமைகள் வந்து நின்றன. கட்டி வைத்ததுபோல் ஐந்தாம் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றன. உமாபதி விரட்டினார். நகரவில்லை. பின்னாலேயே தேவகி என்கிற ஐயம்பேட்டைப் பெண் ஒரு குச்சியோடு ஓடி வந்தாள்.

"கோச்சிக்காதீங்கண்ணே. அதுங்களுக்கு ஞாபகம் வந்துட்ச்சி."

"இன்னா ஞாபகம்?"

"இதுதானே குட்டை. தாமரை அல்லாம் பூத்துக்கினு கெடக்கும். இந்த எடத்துலதான் எறங்கும். காஞ்சிப்போயி கெடந்துதா, அவுரு சூளை சாம்பலக் கொட்டி ரொப்பிட்டாரு. மழை பேஞ்சதும் பாருங்க, நேரா இங்க வந்து நிக்குதுங்க." தேவகி தலையை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடத்தின் நடுவில் நாலு மூலையும் ததும்ப நின்ற தறிக்குழியைப் பார்த்தாள். சிரிக்க வந்ததை வாயிலேயே அடக்கிக்கொண்டாள். "ஓட்டிக்கினு போயிடறேண்ணே," என்றாள்.

எருமைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று உமாபதி அன்றைக்கு முழுக்க மூலையில் உட்கார்ந்திருந்தார். தரையைத் தொட்டார், நூலை இழுத்தார், பூச்சைச் சுரண்டினார். ஐயம்பேட்டைக்கு நடந்து போய், இது முன்னால் என்னவாக இருந்தது என்று மாடு மேய்க்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முனிசாமியிடம் போனார்.

"தோண்டும்போதே தெரியுமா உனக்கு?"

"நத்தைய பாத்ததும் தெரிஞ்சிதுபா. கற்பூரம் எரிஞ்சிக்கினு இருக்குது. அந்த நேரத்துல நான் இன்னாத்த சொல்றது?"

"சொல்லியிருந்தா?"

முனிசாமி யோசித்தார். "அப்பவே வாங்கிட்டிருந்தியேபா," என்றார். அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

கோதண்டபாணியிடமும் போனார். அவர் சூளையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மரியாதையாக மோர் கொடுத்தார்.

"குட்டைன்னு சொல்லலியேங்க நீங்க."

"நீ கேட்டியா?"

"தறி போடற ஆளுன்னு தெரியுமே உங்களுக்கு."

"உமாபதி, நான் ஊடு வித்தேன். சுவரு நிக்குதா? நிக்குது. ஓடு ஒழுகுதா? இல்ல. குழி நான் விக்கல, நீ தோண்டினது. தண்ணி நான் ஊத்தல, வானம் குடுத்தது. நடுவுல என்ன எங்க இழுக்கற?" அவர் கோபப்படவே இல்லை. "மத்த அஞ்சு ஊட்லயும் கட்டில் போட்டுத்தான் படுத்துக்கினு இருக்காங்க. யாராச்சும் வந்து கேட்டாங்களா? நீ ஒருத்தன்தான் கூடத்துல கெணறு வெட்டினவன்."

உமாபதி மோரைக் குடித்து முடித்துவிட்டு வந்தார்.  பாதி வழி வந்த பிறகுதான், அந்த மோரைக் குடித்திருக்கக்கூடாது என்று தோன்றியது.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். குழிக்கு உள்ளே சிமெண்டு பூசினார்கள். அடியிலிருந்து தண்ணீர் முட்டி, பூச்சை அப்பளம் போல் தூக்கி உடைத்துப் போட்டது. குழியே வேண்டாம், மேடை கட்டித் தறியை மேலே ஏற்றலாம் என்று பார்த்தார்கள். தறியின் மேல்கட்டு ஓட்டுச் சட்டத்தில் இடித்தது. தலையை வெட்டிக்கொண்டால்தான் உமாபதி அதில் உட்காரலாம். தை பிறந்து மழை நின்ற பிறகும் குழியில் தண்ணீர் இறங்கவில்லை. கறுத்துப்போய், எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. வடிவாம்பாள் அதன்மேல் பலகை போட்டு மூடி, கோலம் போட்டு வைத்தாள். இரவில் பலகைக்கு அடியில் தவளை கத்தும்.

சாப்பிட வேண்டுமே. மாசி மாதம் உமாபதி அண்ணன் வீட்டுக்குப் போனார்.

"எந்தத் தறியாச்சும் காலி இருக்குதாண்ணா?"

கலியாணசுந்தரம் நாடாவை நிறுத்தினார். பிறகு சின்னப் பிள்ளையைப் பார்த்தார். "சித்தப்பாவ உன் தறில குந்தச் சொல்லு. நீ கடைக்குப் போயிட்டு வா," என்றார்.

அந்தத் தறி இருந்த இடம் உமாபதியின் பழைய தறி இருந்த இடம். அதே குழி. உள்ளே காலை விட்டதும், எத்தனையோ வருஷம் தன் குதிகால் தேய்த்த பள்ளம் குதிகாலுக்கு அகப்பட்டது. காய்ந்து, சுத்தமாக இருந்தது. அவர் நாடாவை எடுத்தார். நெய்தார். அன்றிலிருந்து கூலி. விடிந்ததும் கோதண்டபாணி நகரிலிருந்து நடந்து வருவார், பொழுது சாய்ந்ததும் நடந்து போவார். வடிவாம்பாள் கூட வருவதில்லை. கரை நாடாவை அண்ணன் மகன் ஓட்டினான். அவன் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டுவான். 

ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. வீட்டை விற்பது. விற்றால் பாளையத்துக்குள்ளேயே ஒரு ஒண்டுக் குடித்தனமாவது பிடித்து, ஒரு குழி தோண்டி, சொந்தத் தறியைப் போட்டுவிடலாம். அந்த மரச்சட்டங்களை அவர் கொல்லையில் சாய்த்துச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். ஆனால் நெசவுக்காரன் எவனும் வாங்க மாட்டான். கதை ஊருக்கே தெரியும். வெளியூர் ஆள்தான் வர வேண்டும். அதுவும் சித்திரையில் வர வேண்டும்.

சித்திரையில் வந்தார். வேணுகோபால் என்கிற பஸ் கண்டக்டர், மாற்றலாகி வந்தவர். கூட அவர் மனைவி இந்திராணி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. குழியை மண் போட்டு மூடி, மேலே சிவப்பு சிமெண்டு பூசியாகிவிட்டது. சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கண்டக்டர் வாசல் நிலையைத் தட்டிப் பார்த்தார். ஓட்டை அண்ணாந்து பார்த்தார். இந்திராணி குழந்தையைத் தரையில் விட்டாள். அது சிரித்துக்கொண்டே குளிர்ந்த தரையில் தவழ்ந்து போயிற்று.

உமாபதி அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். 

"கண்டக்டர் சார்," என்றார். "இந்த ஊட்ட சித்திரைல பாத்து வாங்காதீங்க. ஐப்பசில வந்து பாருங்க. இது குட்டைமேல கட்டின ஊடு. கொழந்தைய வெச்சிக்கினு இருக்கீங்க. எனக்கு விக்கணும்தான். ஆனா உங்களுக்கு வோணாம்."

கண்டக்டர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். உமாபதியின் வீடு உமாபதியிடமே நின்றது. ஆனால் அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்காக இவ்வளவையும் எழுதியவன், சம்பந்தப்பட்டவரிடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் படித்துக் காட்டினான். உமாபதி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். மயனுக்கும் குபேரனுக்கும் அவர் சிரிக்கவில்லை. எருமை வந்த இடத்தில் மட்டும் மூக்கால் லேசாகச் சிரித்தார். மோர் வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் கும்பிட்டுவிட்டுப் போன இடத்தில் கையை நீட்டித் தாளைப் பிடித்தார்.

"இது உனக்கு யாரு சொன்னாங்க?"

எழுதியவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

"மழைல எப்டி இருக்கும்னு அந்தாளே கேட்டாரு. ஒரு தொந்தரவும் இல்லீங்கன்னு சொன்னேன். கொழந்தையக் கையில தூக்கிக்கினு கெணத்துத் தண்ணி இனிப்பு பாருங்கன்னேன். வெள்ளிக்கெழமை முன்பணத்தோட வரேன்னாங்க. வேலைக்குப் போவாம காலைலேருந்து இதோ இங்கியேதான் குந்திக்கினு இருந்தேன். வரல. பஸ் நிக்கற எடத்துக்குப் பக்கத்துலயே வேற ஊடு அமைஞ்சிட்டுதாம்."

உள்ளே வடிவாம்பாள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"நெஜத்த சொல்லிட்டு ஊட்ட வெச்சிக்கினு இருந்தா அது ஒரு மாதிரி. நான் பொய்யும் சொல்லிட்டு வெச்சிக்கினு இருக்கேன்." அவர் தாளைத் திருப்பி அவனிடம் நீட்டினார். "ஊர்ல ஒருத்தர உடாம நக்கல் பண்றவன்டா நீ. வாத்தியாருக்கே வால் கட்டி உட்டவன். எனக்கு மட்டும் ஏன்டா வெல்லம் தடவி எழுதிக்கினு வந்த? அவ்ளோ பாவமாவா தெரியறேன்?"

எழுதியவன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கோடு போட்டு அடி," என்றார் உமாபதி. "தூங்கினேன்னு போட்டிருக்க பாரு, அதையும் சேத்து அடி."